உடையும் நிமிர்வும்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில், ஆனி மாதத்துக் காலைப்பொழுதொன்றில் நிற்பவர், உடை பற்றிய விவாதமொன்றைச் சொற்களின்றியே காணலாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்வோர் படகுக்காகக் காத்திருப்பர். சோளகக் காற்று ஓயாது வீசும். நீளக்காற்சட்டை அணிந்த இளைஞன் அக்காற்றைப் பொருட்படுத்தாது முதுகு வளைய எங்கேனும் சாய்ந்து நிற்பான். வேட்டி உடுத்த பெரியவருக்கு அது இயலாது. அவரது ஒரு கை தொங்கலைப் பற்றியிருக்கும். காலடி அளவாக விழும். படகின் விளிம்பைத் தாண்டுகையில் உடல் முழுவதும் ஒருமுறை தன்னைத் திரட்டிக்கொள்ளும்.

தையலும் பொத்தானும் இல்லாத எட்டு முழத் துணியை இடுப்பிற் செருகிய ஒரு மடிப்பே தாங்குகின்றது. வயிறு தளர்ந்தாற் கட்டுந் தளரும். கூனி நடந்தால் முன்தொங்கல் காலிற் தடக்கும். எனவே வேட்டி உடுத்தவன் நிமிர்ந்து நடப்பது பெருமையால் மட்டுமன்று, தேவையாலுமாகும். இப்போது கடைகளில் ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்த வேட்டிகள் கிடைக்கின்றன. அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தை அவை போக்கிவிட்டன. அச்சத்தோடு அந்தக் கவனமும் போயிற்றோ என ஐயுற இடமுண்டு.

ஆயினும் துணியின் இயல்பு ஒன்றே நிமிர்வைத் தருமெனின் வேட்டி உடுத்த அனைவரும் ஒருபடித்தாக நிமிர்ந்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வாழ்வு அவ்வாறு இருந்ததில்லை. சாரத்தையோ வேட்டியையோ முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுவதை இங்கு சண்டிக்கட்டு என்பர். பெயரிலேயே ஒரு மிடுக்கு உண்டு. வேலைக்கும் சண்டைக்கும் ஆயத்தமானவனின் கட்டு அது. பெரியவர் எதிர்ப்படின் அதனை அவிழ்த்துத் தொங்கவிடுவது மரியாதை. சால்வையோ இதற்கு மறுதலையானது. தோளிற் கிடக்கையில் அது மதிப்பு; இடுப்பில் இறங்கினால் அது பணிவு. ஒரே துணி, ஒரே உடல். இடம் மாறப் பொருளும் மாறுகின்றது.

இவ்விடத்தேதான் அறவினா எழுகின்றது. ஒடுக்கப்பட்ட சாதியினர் சால்வையைத் தோளில் இடுவதையும், வேட்டியை முழங்காலின் கீழே தொங்கவிடுவதையும், அவர்தம் பெண்கள் மேலுடை அணிவதையும் யாழ்ப்பாணச் சமூகம் நெடுங்காலம் தடுத்து வந்தது. சாதியின் பேராற் சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவது குற்றமென 1957இற் சட்டம் வந்த பின்னரும் வழக்கம் உடனே மாய்ந்துவிடவில்லை. உடை வெறும் புறம், மனிதனின் மதிப்பு அகத்திலேயே உள்ளது என்று உபதேசிப்போர் உளர். அவ்வுபதேசம் உண்மையெனின், ஒரு முழத் துணி தோளில் ஏறுவதை ஊரே திரண்டு தடுத்தது எதற்காக? தடுத்தவர்கள் தத்துவம் பேசுவோரைவிடத் தெளிவாகவே ஒன்றை அறிந்திருந்தனர்: தோளிற் சால்வையுடன் நடக்கப் பழகிய உடல் கூனி நிற்க மறுக்கும்.

திருவிதாங்கூரிலும் இதுவே நடந்தது. அங்கு எழுந்த தோள்சீலைப் போராட்டத்தின் பின், 1859இல் நாடார் பெண்கள் மார்பை மறைக்க அரசு இசைந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போன்று அணிதலாகாது என்ற நிபந்தனையுடன். மானத்தைக் காக்கலாம், சமத்துவத்தைக் காட்டலாகாது என்பதே அதன் கருத்து.

ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் இடையாடையான கில்ட் கண்ட வரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. கலகம் அடக்கப்பட்ட பின் 1746இல் பிரித்தானிய அரசு அதனைத் தடை செய்தது. முதன்முறை அணிந்தாற் சிறை ஆறு மாதம். மறுமுறை அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782இலேதான் அத்தடை நீங்கிற்று. விந்தை யாதெனின், மன்னனின் படையிற் சேர்ந்த மலைநாட்டாருக்கு மட்டும் அதே ஆடை அனுமதிக்கப்பட்டமையாகும். குன்றில் அணிந்தாற் கலகம், அணிவகுப்பில் அணிந்தால் விசுவாசம். நிமிர்வையும் அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

குறைந்த உடையும் நிமிர்வைத் தரும் என்பதற்குக் காந்தியடிகள் சான்றாவார். 1921இல் மதுரையில் அரையாடையை ஏற்றவர், 1931இல் அதே கோலத்திற் பக்கிங்காம் அரண்மனைக்குச் சென்றார். முழங்காலுக்கு மேலே நின்ற அந்தத் துணியின் அளவும், யாழ்ப்பாணத்துப் பனையேறும் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட துணியின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. முன்னவர் அதனைத் தேர்ந்தார். பின்னவர்மீது அது சுமத்தப்பட்டது. அரையாடையைப் புகழ்வோர் இந்த வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகின்றனர். ஏழ்மையின் கோலத்தை விரும்பி ஏற்பவருக்கு அது துறவு. விலக வழியற்றவருக்கு அது தண்டனை.

வேட்டிக்கே தலைகுனிவு நேர்ந்ததும் உண்டு. 2014இற் சென்னையில் வேட்டி உடுத்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை மனமகிழ் மன்றமொன்று உள்ளே விட மறுத்தது. அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய உடைத்தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. வாயிலில் நிறுத்தப்பட்டவர் நீதிபதியாக இருந்தமையாற் சட்டம் விரைந்து வந்தது என்று சொல்வது பிழையாகாது.

நயினாதீவிற் படகு கரைசேர்ந்ததும் ஆடவர் மேற்சட்டையைக் களைந்து சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு கோயிலினுள் நுழைவர். பாட்டனார் தெருவிற் கட்டாயத்தாற் செய்ததையே பேரன் அம்மன் முன்னிலையில் தானே விரும்பிச் செய்கின்றான். அசைவு ஒன்றே, முதுகு வளைவதும் அதே அளவே. ஆனால் வழிபாடு முடிந்து வெளிவீதிக்கு வந்ததும் சால்வையை அவிழ்த்து உதறித் தோளில் இட்டுக்கொள்கின்றான். குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகிற் காற்று அதனைப் பறிக்க முயலும்போது, ஒரு கையால் அதனை அழுத்திப் பிடித்தவாறே நிற்கின்றான்.