சஷ்டி விரதமும் ஒரு ரிப்போர்ட்டும்



இன்னைக்கு எழுதறது கொஞ்சம் கூச்சமான விஷயம். கூடப் படிச்ச நண்பனோட கதை. அவன்கிட்டயும் அவன் மனைவிகிட்டயும் கேட்டுட்டுதான் எழுதறேன். பேர், ஊர் சொல்லல.

கல்யாணம் ஆகி அஞ்சு வருஷம், குழந்தை இல்லை. போன கந்த சஷ்டிக்கு அந்தப் பொண்ணு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தாங்க. "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்"னு மாமியார் சொல்லிட்டே இருந்தாங்களாம். ஆனா குறை அவங்ககிட்ட இல்லை. நண்பனோட ரிப்போர்ட்ல விந்தணு ஒண்ணுகூட இல்லை. அசூஸ்பெர்மியான்னு பேர். விரையிலிருந்து நேரடியா எடுக்கப் பார்த்தும் கிடைக்கல. தானமா வர்ற விந்தணுதான் வழின்னு டாக்டர் சொல்லிட்டார். இதெல்லாம் சஷ்டிக்கு முன்னாடியே அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "டேய், இது பாவமாடா? முருகன் ஏத்துப்பானா?"ன்னான்.

நான் முதல்ல சட்டத்தைப் படிச்சேன் (டாக்குமெண்டேஷன் பார்க்காம பதில் சொன்னா நமக்குத் தூக்கம் வராதே). கருத்தரிப்பு சிகிச்சைகளுக்குன்னு 2021-ல வந்த சட்டம் அது. விந்தணு தானம் பண்றவருக்கு வயசு 21-லிருந்து 55-க்குள்ள இருக்கணும். ஒருத்தரோடதை ஒரு தம்பதிக்கு மேல கொடுக்கக் கூடாது. எல்லாரும் எழுத்துல சம்மதிக்கணும். தானம் கொடுத்தவருக்குக் குழந்தை மேல எந்த உரிமையும் இல்லை. பிறக்கறது அந்தத் தம்பதியோட சொந்தக் குழந்தைதான். யாரையும் ஏமாத்தாம, ரெண்டு பேரும் மனசார சம்மதிச்சுப் பண்ற சிகிச்சையில பாவம் எங்கிருந்து வருது? அவன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.

எனக்கு உறுத்தினது வேற. அவ பட்டினி கிடந்த ஆறு நாளும் இவன் ஏன் வாயே திறக்கல? கேட்டேன். "அம்மா என்னை ஆம்பளையே இல்லைன்னு நினைச்சுடுவாங்கடா"ன்னான். அந்த பயம் எனக்கும் புரியுது. ஆனா அந்த பயத்துக்காக ஒரு பொண்ணு 'மலடி'ங்கற பேரைச் சுமக்கணுமா?

அடுத்து சொன்னான், "பிறக்கற குழந்தைக்கும் சாகற வரைக்கும் சொல்ல மாட்டோம்."

நம்ம முருகன் பேரையெல்லாம் யோசிச்சுப் பாருங்க. கங்கை சுமந்ததால காங்கேயன். சரவணப் பொய்கையில தோன்றினதால சரவணபவன். கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்து வளர்த்ததால கார்த்திகேயன். அவர் எப்படி வந்தார்னு யாரும் மறைக்கல, அதையே பேரா வெச்சுக் கூப்பிடறோம். அதனால அவர் சிவகுமாரன் இல்லைன்னு ஆயிடுச்சா? தெய்வக் கதையையும் ஆஸ்பத்திரியையும் ஒப்பிடலாமான்னு சிலர் திட்டுவீங்க. சரி, ஒப்பிடல. ஆனா வந்த வழியைச் சொல்றதால உறவு குறையாதுங்கறது அதுல இருக்கு.

பிரிட்டன்ல 2005 ஏப்ரலுக்கு அப்புறம் பதிவு பண்ணி தானம் கொடுத்தவங்க யாருன்னு, பிறந்த பிள்ளை 18 வயசுல கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். ஆனா அங்கயும் அப்பா அம்மா சொன்னாதானே அந்தப் பிள்ளைக்குக் கேட்கவே தோணும்? இங்க கொடுத்தவர் விவரமே ரகசியம். ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லல. அந்தக் குழந்தைக்கு, சின்ன வயசுலயே, கதை மாதிரி சொல்லலாம். இருபது வயசுல ஒரு டிஎன்ஏ டெஸ்ட்ல தெரிஞ்சா, அதுக்கு முன்னாடி அப்பா சொன்ன எதைத்தான் அது நம்பும்?

சிகிச்சை அடுத்த மாசம் ஆரம்பிக்குது. இந்த சஷ்டிக்கு அவனும் சேர்ந்து விரதம் இருக்கப் போறானாம். "அம்மாகிட்ட ரிப்போர்ட்டைக் காட்டிட்டியா?"ன்னு நேத்து கேட்டேன்.

"இன்னும் இல்லடா. பையில வெச்சிருக்கேன்"னான்.