கடலைத் தொடலாமா?

அரசமரத்தைச் சனிக்கிழமையன்றி மற்றை நாட்களில் தொடலாகாது என்றும், சமுத்திரத்தை அமாவாசை, பௌர்ணமி முதலிய பர்வ தினங்களிலன்றித் தீண்டாமல் தரிசித்து வணங்குவதோடு நின்றுவிட வேண்டும் என்றும் தர்மசாஸ்திரம் விதித்திருக்கிறது. சேதுக் கடலுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த விதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, காரைக்காலுக்குத் தெற்கேயுள்ள திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் மாலை வேளையில் போய் நிற்பவருக்கு, அங்கே நடப்பதெல்லாம் அபசாரமாகவே தோன்றக்கூடும். (மண்மாரி பொழிந்து அழியுமாறு காளமேகப் புலவர் சபித்ததாகச் சொல்லப்படும் ஊர் இதுதான், சாபம் எவ்வளவு பலித்ததோ, கரையில் மணலுக்குக் குறைவில்லை.)

வேட்டியை மடித்துக் கட்டிய தகப்பன்மார் குழந்தைகளின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு நிற்க, புடவைக் கொசுவம் நனைவதைப் பற்றிய கவலையைத் தாய்மார் கைவிட்டிருக்க, அலை வந்து கணுக்காலை மூடும்போதெல்லாம் ஒரே கூச்சல். அமாவாசையா, பௌர்ணமியா என்று பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்தவர் எவருமில்லை. ஆனால் கூட்டத்திலிருந்த பாட்டி ஒருத்தி, நீரில் கால் வைக்குமுன் குனிந்து, உள்ளங்கையில் சிறிது ஜலம் எடுத்துத் தலையில் தெளித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகே பேரப்பிள்ளைகளோடு இறங்கினாள். அடுத்த அலை முழங்கால்வரை நனைத்தபோது அவர்களைவிட உரக்கச் சிரித்தவளும் அவளே.

விதி பிறந்தது பயத்தால் என்று சிலர் சொல்வர். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அலை பாதத்தை வருடிச் செல்லும் அந்திப் பொழுதைக் கொண்டு கடலின் சுபாவத்தை நிர்ணயிப்பது பேதைமை என்பதை, 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமிக்கு உற்றாரைப் பறிகொடுத்த காரைக்கால் கரையோர மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்மக்களே மாசி மகத்தன்று, திருக்கண்ணபுரத்திலிருந்து மாநில எல்லையைக் கடந்து இக்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும் சௌரிராஜப் பெருமாளை, செம்படவர் குலத்துப் பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்ற உரிமையோடு ‘மாப்பிள்ளை’ என்று அழைத்துத் தோளில் சுமந்து வருகிறார்கள்.

கங்கையே எவருடைய திருவடியில் பிறந்ததென்று புராணம் கூறுகிறதோ, அவருக்கு உப்புநீரில் ஸ்நானம் எதற்கு? நீராட்டத்தை வியாஜமாக வைத்துக்கொண்டு, கோபுரமும் கதவும் குறுக்கிடாத வெளியில் எல்லோர் கண்ணிலும் படவே அவர் வருகிறார் என்று கொள்வதுதான் பொருத்தம். பரத்துவத்தோடு சௌலப்யத்தையும் பகவானின் குணமாகக் கொண்டாடிய வைணவ ஆசாரியர்கள், எட்டாத உயரத்தில் இருப்பவர் எளியவராகவும் வந்து நிற்பதில் அல்லவா உருகினார்கள்? அவர் இறங்கும் நீரில், பஞ்சாங்கம் அறியாத ஒரு குழந்தை கால் நனைத்தது குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பாட்டி தெளித்துக்கொண்ட அந்த ஒரு கை ஜலத்திலேயே சாஸ்திரம் கேட்ட மரியாதை முழுதும் செலுத்தப்பட்டுவிட்டது என்பதே என் துணிபு.

ஆனால் நீர்நிலையில் உமிழ்வதையும் அசுத்தம் சேர்ப்பதையும் அதே சாஸ்திரம் தடுத்திருக்கிறது. அதற்குப் பர்வ தினம், சேது என்ற விலக்கு எதுவும் கிடையாது. மாசி மகத்துக்குப் போகும் அன்பர்கள் தின்ற இலையையும் பிளாஸ்டிக் பையையும் கரையில் எறியாமல் வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள்.