அச்சமும் அபயமும்



செஞ்சிக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றைத் தரிசிக்காதவர் நம்மில் சிலரே இருப்பர். பெரும்பாறையொன்றில், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசைகளில், இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் அங்கு வீற்றிருக்கின்றனர். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த நிசீதிகை அது என்று அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகின்றது. மரணத்தையும் அமைதியுடன் எதிர்கொண்ட அப்பெரியாரை எண்ணுந்தோறும் எனக்கு நாணம் எழுவதுண்டு. அதன் காரணத்தை இன்று மறைக்காமல் கூறுகிறேன்.

என் கணவர் மறைந்த ஆண்டில், ஒரு நள்ளிரவில் காரணமின்றி நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன, உயிர் போகின்றது என்றே நம்பினேன். மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்து, பழுதேதுமில்லை, இது பீதித் தாக்கம் என்றார். அதன் பின்னரும் பலமுறை வந்தது. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. நாள்தோறும் பஞ்ச நமஸ்காரம் ஓதுபவள், நற்காட்சி உடையவனுக்கு ஏழு பயங்களும் இல்லை என்று பாடம் சொன்னவள், ‘நான் அஞ்சுகிறேன்’ என்று எவ்வாறு சொல்வது?

பின்னரே என் பிழை விளங்கிற்று. இம்மை, மறுமை, நோய், மரணம், காப்பாரின்மை, மறைவிடமின்மை, எதிர்பாராத இடர் ஆகியவை பற்றிய அந்த ஏழு அச்சங்களும், ஆன்மா அழியும் என்னும் மயக்கத்தில் பிறப்பவை. நற்காட்சி நீக்குவது அந்த மயக்கத்தையே. பயம் என்னும் நோகஷாயமோ எட்டாம் குணஸ்தானம் வரை உதயத்தில் இருக்கும் என்பது ஆகமம். நான்கு, ஐந்தாம் படிகளில் நிற்கும் இல்லறத்தார்க்கு உடல் நடுங்கினால், அது கருமத்தின் உதயம், பக்தியின் குறைவன்று.

இனி, அதனைத் தணிக்கும் வழி. அச்சத்தில் மூச்சு விரையும்; அதனால் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறித் தலைச்சுற்றலும் மரமரப்பும் தோன்றும்; அவை மேலும் அச்சத்தை வளர்க்கும். இச்சுழலை அறுப்பது மெதுவான மூச்சு. நம் காயோத்சர்க்கத்தில் அம்முறை உள்ளது. முதற்பதத்தில் மூச்சை இழுத்து இரண்டாம் பதத்தில் விடுக. மூன்றாவதில் இழுத்து நான்காவதில் விடுக. ஐந்தாவதன் முற்பாதியில் இழுத்துப் பிற்பாதியில் விடுக. ஒரு மந்திரத்திற்கு மூன்று மூச்சு. ஒன்பது முறைக்கு 27 மூச்சு. மூச்சொன்றுக்குப் பத்து விநாடியாயின் நான்கரை நிமிடம் ஆகும். தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் உச்சமடைந்து பின் தணிவதால், அந்நேரத்தைக் கடத்தும் தெப்பமாக இது அமையும். நலமாயிருக்கும் நாளிலேயே பழகுக. வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க இயலாது.

காப்பி, தேநீரைக் குறைத்தலும், காலை நடையும், காலந்தவறாத உறக்கமும் துணைபுரியும். மூலிகை என்பதனாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. அமுக்கராவால் சிலர்க்குக் கல்லீரல் பாதிப்புற்றதை மருத்துவ உலகம் பதிவு செய்துள்ளது. தைராய்டு மருந்து உட்கொள்வோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். முதன்முறை நெஞ்சுவலி வந்தால், பீதி என்று நாமே முடிவு செய்யாது உடனே மருத்துவமனைக்குச் செல்க. இரவுண்ணா விரதத்திற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பகலில் உட்கொள்ளலாமா என்று மருத்துவரையே கேட்க. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

நம் நால்வகைத் தானங்களில் மருந்தும் ஒன்று, அபயமும் ஒன்று. தானமாக வழங்கத் தக்க மருந்தை ஏற்பதில் இழிவு ஏது? ஒருநாள் இரவு என் மருமகள் விழித்துக்கொண்டாள். “பயப்படாதீங்க” என்றுகூட அவள் சொல்லவில்லை. என் கையைப் பற்றி, என்னுடன் மெல்ல மூச்சை எண்ணினாள். பிறர்க்குப் பல்லாண்டு அபயதானத்தைப் போதித்த நான், அதனைப் பெற்றது அன்றுதான்.

உங்கள் இல்லத்திலும் ஒருவர் இருளில் தனியே விழித்திருக்கலாம். “இவ்வளவு பக்தி இருந்துமா பயம்?” என்று கேளாதீர், அருகில் அமருங்கள். அஞ்சுபவரும், மறைக்காமல் ஒருவரிடமேனும் சொல்லுங்கள்.

அருகன் திருவடி நமக்கு அரணாகுக! அறம் வளர்க!