நன்றியும் கையுறையும்

நோய் தீர்ந்து வீடு திரும்பும் ஒருவர், கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையொன்றை வைத்தியரிடம் நீட்டுகிறார். வைத்தியர் அதை ஏற்கலாமா?

இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளிலே 1951 இல் கட்டணம் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளருக்கு விதிக்கப்பட்ட 25 சதமும் 1977 இல் ஒழிந்தது. ஆகவே அங்கு பெறும் சிகிச்சை எவரது கொடையுமன்று. அது குடிமக்களின் உரிமை. சீனியிலும் சவர்க்காரத்திலும் மறைமுக வரி செலுத்தும் தொழிலாளியே அவ்வைத்தியசாலையை நடத்துகிறான். வைத்தியரின் பல்கலைக்கழகக் கல்விக்கும் அவனே பணம் கொடுத்தான். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் முதன்மையாகப் போற்றுவது, கடமைப்படாதவன் செய்யும் உதவியையே. ஊதியம் பெற்றுப் புரியும் பணி அவ்வகையிற் சேருமா?

முழுவதும் சேராது என்றே கூறுவோம். எனினும் நள்ளிரவில் நோயாளியின் அருகே நின்று ஆறுதல் கூறும் பரிவு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. கொடுப்பவரின் மனத்தையும் நோக்குதல் வேண்டும். பல நாட்களாகத் தம் உடலைப் பிறர் கையில் ஒப்புவித்துக் கிடந்தவர், தாமும் கொடுக்கவல்லவராய் எழுந்து நிற்கும் கணம் அது. விதிக்கு மாறு என்று கூடையைத் தள்ளும் வைத்தியர், அவரை மீண்டும் படுக்கையிற் கிடத்துகிறார்.

ஆயின், அடுத்த கட்டிலில் இருப்பவரும் இக்காட்சியைக் காண்கிறார். அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. நாளைய கவனிப்புக்கு இதுதான் விலையோ என்று அவர் அஞ்சத் தொடங்கின், நீக்கப்பட்ட கட்டணம் வேறு வாயிலாற் புகுந்துவிட்டது என்பதே பொருள். மாலையில் தனியார் நிலையத்தில் அதே வைத்தியருக்குப் பணம் செலுத்திவிட்டு, காலையில் வாட்டிலே தனிக்கவனம் எதிர்பார்ப்பவர் கொடுப்பதும் அவ்விலையே. அதனை எவரும் அன்பளிப்பென்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

பெரியோரைக் காணச் செல்வோர் கொண்டுசெல்லும் பொருளைப் பழந்தமிழ் ‘கையுறை’ என்றது. (வைத்தியர் இன்று அணிவது வேறு கையுறை.) கீழிருந்து மேல்நோக்கிச் செல்வதே அதன் இயல்பு. அவ்வியல்பு இன்னும் மாறவில்லை. வாட்டிலே மலசலப் பாத்திரம் ஏந்தி, புண்ணின் நாற்றம் பொறுத்து, நோயாளியைப் புரட்டிக் கிடத்தியவர் சிற்றூழியர். அவர் கையில் நூறு ரூபாயை வைத்தால் அதனை இலஞ்சம் என்கிறோம். வைத்தியர் மேசையில் வைக்கும் கூடைக்கு மட்டும் நன்றி என்று பெயரிடுகிறோம்.