மரக்கிளையில் தொங்கிய அன்னம்

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்கும் பொருட்டுத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் கடற்கரை நோக்கி நடந்தனர். வழி 240 கிலோமீட்டர். பயணம் 15 நாள். அவர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஆயினும் மக்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டனர். அச்சம் அவர்தம் முகத்தை மறைத்தது, கையை மடக்கவில்லை. இட்டவர் இன்னார் என்று உண்டவர் அறிந்திலர்.

தில்லி ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டு வாழ்ந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. அங்கிருந்தவை சுமார் 370 வீடுகள். தொலைவிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெற முதலில் 189 குடும்பங்களே தகுதியுடையவை எனப்பட்டன. மற்றவர்க்கு வழி மட்டுமே எஞ்சியது.

தகுதி ஆராய்ந்து வழங்குவது அரசின் முறை. ஆராயாது வழங்குவது அடியாரின் தருமம். எல்லா உயிரிலும் இறைவன் உளன் என்று சத்சங்கத்தில் ஓதும் நாவுக்கு, வீடிழந்து நிற்பவரின் வாசலற்ற வாழ்வே சோதனைக் களம். பள்ளி மாறிய குழந்தைக்கு ஒரு புத்தகம், வேலையிழந்த தாய்க்கு ஒரு மாத அரிசி. பெயர் சொல்லாமல் அளிக்கப்படும் இவையே அம்மரக்கிளை அன்னம். அத்தகைய கரங்களை இறைவன் அனைவருக்கும் அருள்வானாக!