நம்பிக் கொடுத்த பொறுப்பு

கனடாவின் டொரன்டோ நகரில் மவுன்ட் பிளெசன்ட் என்றொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கறிஞரின் கல்லறை மீது கருங்கல் நினைவுச் சின்னம் எழுப்பியது அவருடைய பிள்ளைகள் அல்ல. அவர் படித்த கல்லூரி.

அவர் பெயர் ராபர்ட் சதர்லாந்து. 1830 வாக்கில் ஜமைக்காவில் பிறந்தவர். அந்தத் தீவில் அப்போது அடிமைமுறை ஒழிந்திருக்கவில்லை. 1849இல் கடல் கடந்து கனடாவுக்கு வந்து, ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள குயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான்.

அது எப்படிப்பட்ட காலம்? ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எசமானரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1850இல் சட்டமே போட்டார்கள். இக்கரையில், உடன் படித்த மாணவர்கள் தங்கள் விவாதக் கழகத்துக்கு சதர்லாந்தைப் பொருளாளர் ஆக்கினார்கள். பொருளாளர் என்றால் எல்லோருடைய பணமும் அவர் பொறுப்பில். மனதார நம்பாத ஒருவரிடம் யாரும் பணத்தை ஒப்படைப்பதில்லை.

பண்டைய மொழிகளிலும் கணிதத்திலும் சிறந்து விளங்கி, 14 பரிசுகளோடு 1852இல் பட்டம் பெற்றார். 1855இல் வழக்கறிஞரானார். கனடாவின் முதல் கறுப்பின வழக்கறிஞர் என்று அவரைச் சொல்கிறார்கள். வாக்கர்டன் என்ற சிற்றூரில் சுமார் 20 ஆண்டுகள் தொழில் செய்தார். அந்த ஊர் அவரைத் தன் ஊராட்சித் தலைவராகவும் ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே குயின்ஸ் கல்லூரிக்குக் கஷ்டகாலம். பணம் போட்டு வைத்திருந்த வங்கி 1867இல் திவாலானது. அடுத்த ஆண்டே அரசு மானியமும் நின்றது. டொரன்டோ பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

1878இல் நிமோனியா கண்டு சதர்லாந்து இறந்தார். தம் சொத்து முழுவதையும் அவர் குயின்ஸ் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார். சுமார் 12,000 டாலர். கல்லூரியின் ஓராண்டுச் செலவுக்கு ஈடான தொகை அது! அதுவரை கல்லூரிக்கு யாரும் அவ்வளவு பெரிய கொடை தந்ததில்லை. கல்லூரி தன் காலில் நிற்க அந்தப் பணம் கைகொடுத்தது.

ஏன் கொடுத்தார்? அந்தக் கல்லூரியில் தம்மை எப்போதும் ஒரு கனவானாக மதித்து நடத்தினார்கள் என்பதுதான் அவர் மனத்தில் கடைசிவரை நின்ற நினைவு.

அந்த இளைஞரைப் பொருளாளர் ஆக்கிய மாணவர்கள் பின்னால் வரப்போகும் உயிலை எண்ணியா செய்தார்கள்? அந்த நேரத்தில் சரியாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்று நம் அலுவலகத்திலோ வகுப்பிலோ, புதிதாக வந்து ஓரமாக நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவரை அன்போடு வரவேற்பதோடு நின்றுவிட வேண்டாம். நம்பி ஒரு பொறுப்பையும் அவர் கையில் கொடுப்போம்.