ஒரே மரம், இரு கண்கள்

கோஸ்ட்டா ரிக்காவின் சாந்தா ரோசா காட்டில் பழுத்து நிற்கும் ஒரு மரம். வெண்முகக் கபுச்சின் குரங்குகள் கூட்டமாக ஏறியிருக்கின்றன. இலைகளுக்கு நடுவே சிவந்த பழம் தாய்க்குப் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்துக் கிளையில் இருக்கும் மகனுக்கு இலையும் பழமும் ஏறக்குறைய ஒரே நிறம். அவன் பழத்தை விரலால் அழுத்துகிறான். மூக்கருகே வைத்து முகர்கிறான். ஒரு கடி கடித்துப் பார்க்கிறான்.

நீலத்தை உணரும் நிறமி இருவர் கண்ணிலும் உண்டு. பச்சையையும் சிவப்பையும் பிரிக்க உதவும் நிறமியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இந்தக் குரங்குகளிடம் அதற்கு மூன்று வடிவங்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே, ஆகவே வடிவமும் ஒன்றே. பெண்ணுக்கு இரண்டு. அவை வேறு வேறாக அமைந்தால் விழித்திரையில் ஒரு செல் தாய் தந்ததை ஏற்கும், இன்னொரு செல் தந்தை தந்ததை ஏற்கும். அவளுக்கு நிறங்கள் பெருகிவிடும்; அதுவே மூவண்ணக் கண். இரண்டும் ஒன்றாகவே வந்துவிட்டால், அவள் பார்வையும் மகனின் பார்வைதான். தன் பார்வையைக் கேட்டுப் பெற்றவர் எவருமில்லை.

இந்த இடத்தில் மகனுக்காக மனம் இரங்குகிறது. ஆனால் ஆய்வாளர் அமாண்டா மெலின் குழுவினர் இதே காட்டில் பொறுமையாகக் கவனித்து 2007இல் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றியது. இலையோடு இலையாக, பட்டையோடு பட்டையாக ஒளிந்திருக்கும் பூச்சியைப் பிடிப்பதில் நிறம் குறைந்த கண்ணே முந்துகிறது. நிறத்தின் ஆரவாரம் அடங்கியதால் வடிவமும் விளிம்பும் அதற்குத் துலங்குகின்றன போலும். பழங்களை விரைந்து உண்பதில் மூவண்ணக் கண் முந்துகிறது என்பதை அதே குழுவினர் 2017இல் காட்டினார்கள். தாய் காணாததை மகன் காண்கிறான். மகன் காணாததைத் தாய் காண்கிறாள். படைத்தவன் ஒரு மரத்தை முழுதாக எவர் கையிலும் கொடுத்துவிடவில்லை. கூட்டத்துக்கே பகிர்ந்து கொடுத்திருக்கிறான். நெடுங்காலமாக அந்த இனம் இரண்டு பார்வைகளையும் காத்து வருகிறது.

மனிதரில் சிவப்பு–பச்சை பிரித்தறியாத கண்ணும் அதே எக்ஸ் குரோமோசோம் வழியாகத்தான் வருகிறது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வருந்தாதீர்கள். அவனோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அவனுக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.